மூன்றாம் மணிக்குச் சாட நின்றவன்

இதில் ஒரு சொல்லாவது பொய்யாக இருந்தால், சொல்பவனுடைய வாயில் மிச்சமிருக்கிற பற்கள் அத்தனையும் இன்று மத்தியானச் சோற்றோடு சேர்ந்து உதிரட்டும். கருங்கல் சந்தையில் கூட்டம் நெரிகிற நாளாகப் பார்த்து, வேதப்புத்தகத்தின் மேல் வலது கையையும் அதன்மேல் இடது கையையும் வைத்துச் சத்தியம் செய்யத் தயார். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. ஒரு புள்ளியைக் கூட்டவில்லை, ஒரு கமாவைக் குறைக்கவில்லை.

அன்று பிளஸ்ஸிக்குக் கல்யாணம். வெள்ளைச் சேலையும், தலையில் வலையும், கையில் தோவாளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பூவில் கட்டிய செண்டுமாக அவள் கோயில் முற்றத்தில் நின்றாள். ஊர் முழுக்கக் கூட நின்றது. ஆனால் மணப்பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கழுத்தும் பின்னால் மடங்கியிருந்தது, எல்லார் வாயும் திறந்திருந்தது, எல்லார் கைபோனும் வானத்தைப் பார்த்திருந்தது. மணிக்கூண்டின் உச்சியில், கைப்பிடிச் சுவருக்கு வெளியே, ஒரு சாண் அகல விளிம்பில் டெனிஷ் நின்றுகொண்டிருந்தான்.

"நான் சாடுவேன்!" என்றான் டெனிஷ்.

எங்கள் பக்கத்தில் சாடுவது என்றால் குதிப்பது. கிணற்றில் சாடுவோம், மதிலேறிச் சாடுவோம், ஓடுகிற பஸ்ஸிலிருந்து சாடுவோம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல். வடக்கே அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது என்பது அன்று மத்தியானம்வரை எங்களில் யாருக்கும் தெரியாது.

மணிக்கூண்டின் உயரத்தையும் சொல்லிவிட வேண்டும். அதன் உச்சியில் நின்று ஒருவன் தும்மினால், குளச்சலில் மழை தூறுகிறதென்று கருவாடு காயப்போட்ட பெண்கள் ஓடிவந்து பாயைச் சுருட்டுவார்கள். அதைக் கட்டிய மிஷனரி துரை, கடைசிக் கல்லை வைத்துவிட்டு இறங்கி வருவதற்குள் அவருக்கு பென்ஷன் ஆகிவிட்டது. தீயணைப்பு வண்டியின் ஏணியை முழுக்க நீட்டிப் பார்த்தார்கள். அது கூண்டின் இடுப்புக்கு வந்து, வெட்கப்பட்டு மடங்கிக்கொண்டது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு மூன்று தடவை மணி விழும். முதல் மணி ஊரைக் கூப்பிட. இரண்டாம் மணி மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட. மூன்றாம் மணி விழுந்தால்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயில் நடையைத் தாண்டலாம். அந்த மணி விழாமல் உள்ளே போன ஒரே ஒரு ஜோடி, தங்களுக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று இன்றைக்கும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு அலைகிறது. இரண்டு மணி விழுந்தாயிற்று. மூன்றாவதுதான் விழவில்லை.

"ஒரு சாயா குடிக்கப் போனேன் ஓய்!" என்று மணியடிக்கும் நேசையன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த சவத்துப்பய உள்ள கேறி கதவுக்குத் தாழு போட்டுட்டான். மணிக் கயறையும் மேல வலிச்சு வச்சிட்டான். ஒரு மனியன் சாயா குடிக்கப்பிடாதா?"

"பிளஸ்ஸி மைக்ல வரணும்!" மேலேயிருந்து டெனிஷின் குரல் காற்றில் ஆடி ஆடி வந்தது. "'டெனிஷே, நான் ஒன்ன மறக்கல்ல'ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லணும். இல்லாட்டா சாடுவேன்!"

கூட்டம் அப்போதுதான் மணப்பெண்ணைப் பார்த்தது.

டெனிஷ், கருங்கலில் பிளக்ஸ் அடிக்கிற கடையில் டிசைனர். சுற்றுவட்டாரத்தில் யார் கண்ணை மூடினாலும் கண்ணீர் அஞ்சலி அவன் கையால்தான். செத்தவரை இரண்டு மேகத்துக்கு நடுவில் உட்கார வைத்து, கண்ணோரத்தில் ஒரு மினுக்கம் கொடுத்தானென்றால் ஜென்மப் பகையாளியும் அழுதுவிடுவான். தெருமுக்கில் தொங்கிய தன் படத்தைப் பார்த்துச் செத்தவரே விம்மிவிட்டுத் திரும்பிப்போனதும் ஒருமுறை நடந்திருக்கிறது. டெனிஷ் தனக்கும் ஒன்று அடித்து வைத்திருந்தான். பிளஸ்ஸி போனை எடுக்காத நாட்களில் அது முக்கில் ஏறும். தேதியை மட்டும் போடமாட்டான்.

அவனைப் பிளஸ்ஸிக்குப் பிடிக்காமல் இருந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கோயில் பாடகர் குழுவில் அவன் ஆண்கள் வரிசையில் கடைசியில் நிற்பான். ஒரு கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் நிறுத்திய இடத்தில் அவன் மட்டும் நிறுத்தாமல் போய், கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தபோது பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டான். புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் காது மட்டும் சிவந்து தெரிந்தது. அந்தக் காதுகளைத்தான் அவள் முதலில் விரும்பினாள்.

பிறகு அவளுக்கு நாகர்கோவிலில் நர்ஸ் வேலை கிடைத்தது. வார்டில் நின்றதால் ஒருநாள் போனை எடுக்கவில்லை. டெனிஷ் பிளேடை எடுத்து முன்கையில் அவள் பெயரைக் கீறத் தொடங்கினான். இரண்டு எழுத்து முடிந்ததும் தலை சுற்றிப் படுத்துவிட்டான். அந்தக் கை இன்றைக்கும் 'பிள' என்று யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறது. விஷயம் கேட்டு ஓடிவந்த பிளஸ்ஸி புண்ணைக் கழுவிக் கட்டினாள். "ஒனக்காகச் சிந்தின ரெத்தமாக்கும்" என்றான் அவன், கண்ணை மூடிக்கொண்டு. அந்த ரத்தத்தைத் தரையிலிருந்து பழந்துணி போட்டுத் துடைத்தவளும் அவள்தான். துடைத்துப் பிழிந்துகொண்டிருக்கும்போதே இனி இது வேண்டாம் என்று தீர்மானித்தாள். சொல்லவும் சொன்னாள்.

அதிலிருந்து அவன் கிணற்றுமேட்டில் நின்றான், பாலத்தில் நின்றான், குளச்சலில் கட்டுமரத்தில் ஏறி நின்றான். ஒவ்வொரு தடவையும் "சாடுவேன்" என்பான். ஒவ்வொரு தடவையும் ஊர் கூடி "வேண்டாம் மக்கா, சாடாதே" என்று கெஞ்சும். இறங்கி வந்து ஒரு சோடா குடிப்பான். அவன் சாய்ந்து நின்று அழுத தென்னை மரம் மூன்று மாதம் உப்பு இளநீர் காய்த்தது. எங்கள் ஊருக்குச் சோகமான ஆண்பிள்ளை என்றால் உயிர். டெனிஷ் தாடி வளர்த்த பிறகு அவனிடம் யாரும் சாயாவுக்குக் காசு வாங்கியதில்லை. பிளஸ்ஸி கடைக்குப் போனால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

இப்போது பேச்சு நிற்கவில்லை.

"ஒரு வார்த்ததானே கேக்கான் பாவம்."

"கல்லு மனசுக்காரி. நிக்கத பாரு, பூவும் பிடிச்சுக்கிட்டு."

"எனக்க வீட்டுக்காரரு இருபது வருசமா ஒரு வாழமரத்துலயிருந்துகூட எனக்காகச் சாடினதில்ல கேட்டியா" என்றாள் ஒருத்தி, நிஜமான பொறாமையோடு.

பிளஸ்ஸியின் அம்மை சத்தியபாய் மகளின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஏட்டி, சொல்லித் தொலையேன். பொய்தானே. பொய் சொன்னா வாயி அழுகியா போவும்?"

"மைக்ல சொல்லணுமாம் அம்மா. அங்க பாரு."

அம்மை பார்த்தாள். மதிலோரத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் வேன்கள் நின்றிருந்தன. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பாதிப்பேர் ஏற்கெனவே உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மறக்கவில்லை என்று மைக்கில் ஒருதடவை விழுந்துவிட்டால் அந்தக் காலும் ஏறிவிடும். சொல்லாமல் இருந்து மேலேயிருப்பவன் கீழே விழுந்தால், சாகும்வரை அவள் பெயர் பிளஸ்ஸி இல்லை, டெனிஷைக் கொன்றவள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது. அவனுக்குக் காலுக்குக் கீழே இருந்ததைப் போலவே.

மாப்பிள்ளை ஷாஜின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அதிகம் பேசாத ஆள். கோட்டுக்குள் வியர்த்து நனைந்து அவளருகில் வந்தான்.

"நான் அந்த வேன்ல ஏறப் போறதில்ல. அத நீ மனசுல வச்சுக்க" என்றான். "ஆனா எனக்க அம்மைக்கு பிரஷர் உண்டு. நீ என்ன சொன்னாலும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

மேலேயிருந்து காரைத்துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்து அவளுடைய பூச்செண்டின் நடுவில் உட்கார்ந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். ஈரம் பாய்ந்த பழைய சுண்ணாம்பு. விரலால் நசுக்கினால் பொடிந்தது. அவன் நிற்கிற விளிம்பும் இதுதானே என்று அண்ணாந்து பார்த்தாள்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிரேசி வந்தாள். டெனிஷின் அம்மை. மீன் வெட்டிய கையைக் கழுவாமலே ஓடி வந்திருந்தாள். பிளஸ்ஸியின் காலடியில் உட்காரப் போனவளைப் பிளஸ்ஸி பிடித்துத் தூக்கினாள்.

"மக்களே, நீ அவன கெட்டவேண்டாம். கெட்டாதே. நான்னாலும் கெட்டமாட்டேன். ஒரு வார்த்த மட்டும் சொல்லு மோளே."

"நான் சொன்னா இன்னைக்கி எறங்குவான் அம்மே. நாளைக்கி?"

கிணற்றுமேட்டிலும் பாலத்திலும் குளச்சல் கரையிலும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கிரேசி. அவளுக்கு யாரும் சோடா வாங்கிக் கொடுத்ததில்லை.

இந்த நேரத்தில்தான் தீயணைப்பு நிலைய அதிகாரி முருகதாஸ் ஜீப்பிலிருந்து இறங்கினார். தஞ்சாவூர்க்காரர். மாற்றலாகி வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. தினமும் பேப்பரைத் தலைப்பிலிருந்து அச்சகத்தின் முகவரிவரை படிக்கிற மனிதர். அவருடைய ஆட்கள் பந்தலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நாலு பக்கமும் விரித்துப் பிடித்து, டெனிஷ் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். துணியில் 'நல்வரவு' என்று எழுதியிருந்தது.

"என்ன சொல்றாரு?" என்று போதகரிடம் கேட்டார் முருகதாஸ்.

"சாடுவேன்னு சொல்லுகான் சார்" என்றார் போதகர்.

முருகதாஸ் முகம் தெளிந்தது. சாடுவது என்றால் அவருக்குத் தெரியாதா? எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைச் சாடும். ஆளுங்கட்சி பதிலுக்குச் சாடும். காலையில் பேப்பரைத் திறந்தால் நாலு பேராவது யாரையாவது கடுமையாகச் சாடியிருப்பார்கள். இப்படி உயரத்தில் ஏறி நிற்பவர்களை மனதிலுள்ளதைக் கொட்டவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். அவர் ஒலிபெருக்கியை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி! சாடணுமா? தாராளமா சாடுங்க!"

துணியைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டுத் தவிக்காதீங்க. ஒரு தடவ நல்லா சாடிட்டீங்கன்னா அப்புறம் நிம்மதி! இங்க யாரும் உங்களத் தடுக்க மாட்டாங்க. எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!"

சத்தியபாய் மகளின் தோளில் சாய்ந்தாள்.

"யார் மேல வேணும்னாலும் சாடுங்க தம்பி! போதகர் மேல சாடுங்க, பொண்ணு வீட்டுக்காரங்க மேல சாடுங்க, என் மேலயே சாடுங்க, நான் தாங்கிக்குவேன்!"

கூட்டம் ஒரே மூச்சில் மதில்வரை பின்வாங்கியது. போதகர் தன்னை அறியாமல் வாகைமரத்துக்குப் பின்னால் போய் நின்றார். 'நல்வரவு' துணியைப் பிடித்திருந்தவர்கள், அதிகாரியே தாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாரே என்று துணியைத் தரையில் வைத்தார்கள்.

மேலே டெனிஷ் அசையவில்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, சீருடை போட்ட ஒருவர், அதுவும் ஒலிபெருக்கியில், அவனைச் சாடச் சொல்லியிருக்கிறார். பிளஸ்ஸி அவன் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு உயரத்தில் முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடாது. தெரிந்தது.

"சாடணுமா?" என்று கேட்டான் அவன். குரல் சின்னதாக இருந்தது.

"ஆமா தம்பி! ஆரம்பிங்க!"

அவனுடைய வலது காலிலிருந்து செருப்பு கழன்றது. அது விழுந்துகொண்டே இருந்தது. கீழே நின்ற ஒருவர் பீடியைப் பற்றவைத்து, பாதி இழுத்து, அணைத்துக் காதில் சொருகிய பிறகுதான் அது தரைக்கு வந்து சேர்ந்தது. விழுந்த சத்தத்தில் கிரேசி மயங்கிச் சாய்ந்தாள்.

"சார்! சாடுகதுன்னா குதிக்கது சார்!" என்று வாகைமரத்துக்குப் பின்னாலிருந்து போதகர் கத்தினார்.

முருகதாஸ் அவரைப் பார்த்தார். மேலே பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க பூட்ஸுக்கு இறங்கியது. "ஐயய்யோ! வேண்டாம் தம்பி! சாடாதீங்க! நான் சொன்ன சாடு வேற சாடு!"

"இப்பம் எதுக்கு மாத்திப் பறையுதீரு?" டெனிஷ் சிரித்தான். அழுகையைவிட மோசமான சிரிப்பு. "எனக்குத் தெரியும் ஓய். எல்லாவனுக்கும் நான் சாடணும். இத்தனை நாளு ஒருத்தனும் வெளிய பறையல்ல, அவ்வளவுதான். செரி. சாடுகேன்."

இந்தத் தடவை 'சாடுவேன்' இல்லை. 'சாடுகேன்', இதோ குதிக்கிறேன். அந்த ஓர் எழுத்து மாறியதை அத்தனை கூட்டத்தில் பிளஸ்ஸி ஒருத்திதான் கேட்டாள். கிணற்றுமேட்டிலும் பாலத்திலும் அவன் இறங்கி வந்தது, வேண்டாம் என்று சொல்ல ஆள் இருந்ததால். இப்போது அவனுக்கு இறங்கப் படி இல்லை. சாடாவிட்டால் நாளை முதல் ஊர் சிரிக்கும். சிரிப்புக்குப் பயந்து அவன் எதையும் செய்வான். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடியவன் அவன். விளிம்பில் வெறுங்காலின் விரல்கள் காரையைப் பற்றிப் பற்றி விட்டன. காதுகள் இரண்டும் சிவந்திருந்தன.

அவன்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. இந்த நிமிஷமும் இருந்தது. அவனுக்காக அழுத ஊரின்மேலும் இருந்தது. ஆனால் அவள் வார்டில் நிற்கிறவள். தன் முட்டாள்தனத்தால் தானே அடிபட்டு வந்தவனுக்கும் அடி என்னவோ அதே அடிதான் என்று அவளுக்குத் தெரியும். பூச்செண்டை ஷாஜின் கையில் கொடுத்துவிட்டு, முருகதாஸின் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினாள்.

வேன் படியில் நின்ற தாய்மாமனின் கால் தரையிலிருந்து பாதி எழும்பியது.

"டெனிஷே, பிளஸ்ஸி பேசுகேன்."

"பறை." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அந்த வார்த்தய மட்டும் பறை."

"மூணாம் மணி இன்னும் விழல்ல, கேட்டியா. கயறு ஒனக்க பக்கத்துல கெடக்கு. நேசையன் மாமாவுக்கு முட்டுவலி. நீ மேலதானே நிக்க. ஒண்ணு அடிச்சு விடுவியா?"

அவன் கண்ணைத் திறந்தான்.

"ஒனக்க கல்யாணத்துக்கு நான் மணியடிக்கணுமா?"

"ஆமா."

"நான்?"

"நீதான். யோசிச்சுப் பாரு மக்கா. சாடினவன்மாரு இந்த ஜில்லாவுல ஒருபாடு பேரு உண்டு. அவனுவளுக்க பேரு யாருக்கு ஓர்ம இருக்கு? விரும்பினவளுக்க கல்யாணத்துக்கு தன் கையால மணியடிச்சவன் ஒருத்தன் உண்டா?"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "எனக்க கர்த்தாவே!" என்று உடைந்து அழுதாள். அதைக் கேட்டு இன்னொருத்தி அழுதாள். இருபது வருஷக்காரி தன் வீட்டுக்காரரின் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

டெனிஷ் கீழே பார்த்தான். அவன் யோசிக்கிறான் என்பது பிளஸ்ஸிக்குத் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி அடிக்கிறவன் ஒரு படத்தைத் திரையில் போட்டு, எந்த மேகம் பொருந்தும் என்று பார்ப்பதுபோல யோசித்தான்.

"அதுல துக்கம் கூடுதலாக்கும், இல்லியா?" என்று கேட்டான்.

"ஒருபாடு கூடுதல்."

"ஆளுவ அழுவாவளா?"

"இப்பமே அழுகாவ. கேக்கல்லியா?"

"நீ?"

அம்மை பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அழுவேன் என்று சொல்லச் சொல்லித்தான். ஷாஜின் பூச்செண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். பிளஸ்ஸி ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"நான் அழமாட்டேன் டெனிஷே. நீ தரையில நிக்கதப் பாத்தா எனக்கு சந்தோசம். அவ்வளவுதான் எனக்க கையில உண்டு. வேற ஒண்ணும் இல்ல. பொய் சொன்னா நீ மறுபடியும் கேறுவ."

காற்று நின்றது. ஒரு காரைத்துண்டு பெயர்ந்து உருண்டது. டெனிஷின் வெறுங்கால் வழுக்கியது. முற்றம் முழுக்க ஒரே மூச்சாக 'ஹா' என்றது. அவன் இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரை அணைத்துக்கொண்டான். கன்னம் கல்லில் அழுந்தியிருந்தது. அப்படியே கொஞ்சநேரம் கிடந்தான். பிறகு ஒரு காலைத் தூக்கி உள்ளே போட்டான். மற்றக் காலையும் போட்டான். ஆள் மறைந்தான்.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

மணி விழுந்தது.

அப்படி ஒரு மணி அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழவில்லை. தோவாளைச் சந்தையில் மறுநாளைக்கென்று வைத்திருந்த பிச்சிமொட்டு முழுக்க அந்த அதிர்ச்சியில் மலர்ந்துவிட்டது. குளச்சலில் புயல் எச்சரிக்கையென்று நினைத்து, மீனைப் பாதி வலையில் விட்டுப் படகுகள் கரை திரும்பின. டெனிஷ் ஒன்றோடு நிறுத்தவில்லை. அழுதுகொண்டே அடித்தான், அடித்துக்கொண்டே அழுதான். தாய்மாமனின் கால் வேன் படியிலிருந்து இறங்கியது. பிளஸ்ஸியும் ஷாஜினும் அந்தச் சத்தத்துக்குள் நடந்து கோயில் நடையைத் தாண்டினார்கள்.

கல்யாண உடன்படிக்கை கேட்கும்போதும் மணி ஓயவில்லை. போதகர் காதருகே வந்து கத்திக் கேட்டார். "சம்மதம்" என்றாள் பிளஸ்ஸி. கேட்கவில்லை என்று அவர் கையைக் காட்டினார். "சம்மதம்!" என்றாள். மறுபடியும் கையைக் காட்டினார். மூன்றாவது தடவை அவள் அடிவயிற்றிலிருந்து கத்தியது, வெளியே முட்டுவலியோடு உட்கார்ந்திருந்த நேசையனுக்கும் கேட்டது, மேலே கயிற்றைப் பிடித்திருந்தவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். மணி நின்றது.

டெனிஷ் இறங்கி வந்தபோது ஊர் அவனைத் தோளில் தூக்கியது. பந்தியில் முதல் இலை அவனுக்கு. கோழிக்கால் இரண்டும் அவன் இலைக்கு. சாயாக்கடைக்காரர் சோடா உடைத்துக் கையில் கொடுத்தார்.

"இப்பிடியொரு மனசு யாருக்கு உண்டு?"

"அவளானா அழவே இல்ல பாத்தியா? ஒரு சொட்டு?"

"இவனுக்க துக்கத்துக்கு அவ கொடுத்துவைக்கல்ல."

முருகதாஸையும் பந்தியில் உட்கார வைத்தார்கள். பரிமாறுகிறவன் "சார், இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டதற்குக்கூட, அந்தச் சொற்களுக்கு இங்கே வேறு அர்த்தம் இருக்குமோ என்று பயந்து, பக்கத்து இலைக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

மணப்பெண் சாப்பிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. கிரேசிதான் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். பிளஸ்ஸியின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தன் முந்தானையால் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு போய்விட்டாள்.

சாயங்காலம் மார்த்தாண்டத்துக்குப் புறப்பட்டபோது முக்கில் பிளக்ஸ் ஏறியிருந்தது. இரண்டு மேகத்துக்கு நடுவில் டெனிஷ், கையில் மணிக்கயிறு, கண்ணோரத்தில் மினுக்கம். 'மணமக்களை வாழ்த்தும் உள்ளம்' என்று கீழே. மணமக்கள் ஒரு மூலையில், தபால்தலை அளவில். இந்தத் தடவை தேதி போட்டிருந்தான்.

ஷாஜின் காரின் வேகத்தைக் குறைத்தான். "பாவம், இல்லியா?" என்றான்.

"பாவந்தான்" என்றாள் பிளஸ்ஸி. "நீங்க வண்டிய நிறுத்தாம ஓட்டுங்க."

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும்: எங்கள் சபைக் கோயிலுக்கு மணிக்கூண்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஓட்டுக்கூரையில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில், போதகர் பென் டிரைவைச் செருகினால் மணியோசை வரும்.